வேலூர்ல செக்ஸ் டாக்டர்கிட்ட புருஷனோட போனேன்: உள்ளது உள்ளபடி ஒரு ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், கிளினிக் பேரு போட மாட்டேன். பேரே இல்லாம இன்னா ரிவ்யூன்னு கேப்பீங்க. போட்டா நான் யாருன்னு எங்க தெருவுல கண்டுபிடிக்க அரை நாள் போதும், ஆற்காடு ஒண்ணும் அவ்ளோ பெரிய ஊரு இல்ல. வேலூர் சத்துவாச்சாரில, ஹைவேஸ் சர்வீஸ் ரோட்டுல இருந்து உள்ள போற ஒரு தெரு, மாடில கிளினிக், கீழ ஒரு கட. அவ்ளோதான் சொல்வேன். இந்த மாதிரி எடம் எப்படி இருந்தா நம்பி போலாம், எப்படி இருந்தா செருப்ப மாட்டிகினு ஓடிரணும்னு தெரிஞ்சிக்க பேரு தேவையில்ல.

எனக்கு 46, அவருக்கு 49. நான் ஷூ கம்பெனில ஸ்டோர்ஸ் பாத்துக்கறேன், அவரு டூவீலர் மெக்கானிக், சொந்த கட. ஒரே பொண்ணு, பன்னெண்டாவது.

போன வருஷம் சித்திரைல அவரு பாய சுருட்டி எடுத்துகினு மொட்ட மாடிக்கு படுக்க போனாரு. எங்க பக்கத்து வெயில பத்தி தெரியாதவங்க இருக்க மாட்டீங்க, ராத்திரி பதினோரு மணிக்கும் செவுத்துல கை வச்சா சுடும், பாதி ஊரு மாடிலதான் தூங்கும், அதனால எனக்கு ஒண்ணுமே தோணல. ஆடி போச்சு, காத்து வந்துச்சு, அவரு எறங்கல. ஐப்பசி மழைல படிக்கட்டு மேல இருக்கற அந்த சின்ன கூரைக்கு கீழ காலு மடக்கி படுத்துகினு இருந்தாரு. மார்கழி வந்துச்சு, தலைல மஃப்ளரு, ரெண்டு போர்வ, அப்பவும் மாடி. பொண்ணு கேக்குது, "அப்பா ஏம்மா பனில போயி படுக்குது?" நான் இன்னா சொல்றது, ஃபேன் சத்தம் ஒத்துக்கலயாம்டின்னேன்.

உள்ளுக்குள்ள எனக்கு வேற கணக்கு ஓடிகினு இருந்துச்சு. யாராச்சும் இருக்காளா, கட பக்கத்துல அந்த ஜெராக்ஸ் கடைல புதுசா ஒருத்தி வந்துருக்காளே, அவளா? இப்ப நெனச்சா சிரிப்பு வருது, அந்த பொண்ணுக்கு 22 வயசு. ஆனா அப்ப நான் சாப்பாடு கட்டி குடுக்கற சாக்குல ரெண்டு வாட்டி போயி ஜெராக்ஸ் எடுத்துகினு வந்தேன், தேவையே இல்லாம ஆதார் கார்டு பத்து காப்பி.

என் பக்கமும் ஒரு விஷயம் இருந்துச்சு, அத சொல்லாம அவர மட்டும் சொன்னா நியாயம் இல்ல. ரெண்டு வருஷமா பீரியட்ஸ் தாறுமாறு. ரெண்டு மாசம் வராது, வந்தா பத்து நாள். ஒண்ணா இருக்கறப்ப எரிச்சல், வலி, காஞ்சு போன மாதிரி. நான் வாயத் தொறந்து சொன்னதே இல்ல, மூஞ்ச மட்டும் திருப்பிக்குவேன். அவரு அத பாத்துட்டு இவளுக்கு என்ன புடிக்கல போலன்னு நெனச்சிகினாரு. அவருக்கு சரியா வரலன்றத நான் பாத்துட்டு இவருக்கு நான் சலிச்சு போச்சு போலன்னு நெனச்சேன். ஒரே வீட்டுல ரெண்டு பேரு, ஆளுக்கு ஒரு தப்புக் கணக்கு.

தை மாசம் ஒரு நாள் அவரு மத்தியான சாப்பாட்ட மறந்துட்டு போயிட்டாரு, கொண்டு போனேன். தட்டு எங்கன்னு தேடறப்ப இன்ஜின் ஆயில் டப்பாங்களுக்கு பின்னாடி ஒரு பிளாஸ்டிக் டப்பா, தொறந்தா பச்சையும் பழுப்புமா பவுடரு, மேல லேபிளே கெடையாது. எலி மருந்தான்னு கேட்டேன். அவரு மூஞ்சி போன போக்கு இருக்கே. ஷட்டர பாதி எறக்கிட்டு உக்காந்து எல்லாத்தையும் சொன்னாரு.

வேலூர்ல ஒரு லாட்ஜ். மாசத்துல ஒரு நாள் முகாம் போடற பரம்பரை வைத்தியராம். போர்ட பாத்திருப்பீங்க, ஆண்மைக் குறைவு, நரம்பு தளர்ச்சி, கைப்பழக்கம், எல்லாத்துக்கும் ஒரே மருந்து. பஸ் ஸ்டாண்டு பாத்ரூம் செவுத்துல இருந்து எலக்ட்ரிக் கம்பம் வரைக்கும் ஒட்டி வச்சிருக்கானுங்க. 1954லயே இந்த மாதிரி விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு மத்திய அரசு சட்டம் போட்டாச்சு, போஸ்டரு மட்டும் இன்னிக்கும் புதுசா காயாம ஒட்டுது. அந்த ஆளு இவரு கைய புடிச்சு நாடி பாத்துட்டு "வாலிபத்துல பண்ண தப்பு, நாப்பது சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்து, எல்லாம் வீணா போச்சு"ன்னு சொன்னானாம். 49 வயசு ஆம்பள, காலேஜ் போற வயசுல பொண்ணு வச்சிருக்கறவரு, தல குனிஞ்சுகினு கேட்டுகினு வந்திருக்காரு. மாசம் 4,500 ரூபா, நாலு மாசம், மொத்தம் 18,000. சுகர் இருக்கா, பிரஷர் இருக்கான்னு ஒரு வார்த்த கேக்கல.

நான் சித்தாவ கொற சொல்லல, எங்க அத்தைக்கு மூட்டு வலிக்கு அரசாங்க ஆஸ்பத்திரி சித்தா பிரிவுலதான் பாத்தோம், அங்க படிச்ச டாக்டர் இருக்காங்க, சீட்டு குடுப்பாங்க, மருந்து பேரு இருக்கும். லாட்ஜ் ரூம்ல கட்டில் மேல உக்காந்துகினு பேரில்லாத பவுடர் குடுக்கறது வேற.

ஆனா ஒண்ணு, அந்த பவுடரு மொத ரெண்டு வாரம் கொஞ்சம் வேல செஞ்சுதாம். சாப்ட்ட அன்னிக்கெல்லாம் மூஞ்சி செவந்து போவும், மூக்கடைப்பு, தலவலி. நான்கூட தைலம் தேச்சு விட்டிருக்கேன், வெயில்ல நின்னு வேல செய்யறாருன்னு நெனச்சுகினு. இத ஞாபகம் வச்சிக்கோங்க, பின்னாடி வரும்.

கம்பெனில ஒரு அக்காதான் இந்த கிளினிக்க சொன்னாங்க. அந்த அக்கா எப்படி தெரிஞ்சுகினாங்கன்னு நான் கேக்கல, அவங்களும் சொல்லல. ரெண்டு பேரும் சேர்ந்து போனாதான் பாப்பாங்கன்னு மட்டும் சொன்னாங்க. (அது பொய், தனியாவும் பாக்கறாங்க. ஆனா நல்ல பொய்.)

இப்ப கிளினிக்குக்கு வரேன். கூட்டிகினு போறதுதான் பெரும்பாடு, "இன்னாமே, ஊருக்கே தண்டோரா போடப் போறியா"ன்னு ஒரு வாரம். கடைசில பொண்ணுக்கு காலேஜ் விசாரிக்க போறோம்னு வீட்டுல சொல்லிட்டு ஒரு சனிக்கெழம பஸ் ஏறுனோம். ரத்தினகிரி தாண்டற வரைக்கும் அவரு எங்கிட்ட ஒரு வார்த்த பேசல.

சனிக்கெழம போனது தப்பு. பத்தர மணிக்கு டோக்கன், உள்ள கூப்டது ஒண்ணேகால். வெயிட்டிங் ஹால்ல பெஞ்ச எதிரெதிரா போட்டு வச்சிருக்காங்க, எந்த புண்ணியவான் யோசனையோ தெரியல, இருக்கறதுலயே மூஞ்சிய மறைக்கணும்னு நெனைக்கற கூட்டம் இதுதான், இவங்களப்போயி நேருக்கு நேரா உக்கார வச்சா? எல்லாரும் செல்ஃபோனுக்குள்ள தலைய விட்டுகினு இருந்தாங்க. ஒருத்தர் ஹெல்மெட்ட கழட்டவே இல்ல, ஒன்றர மணி நேரம். அதவிட கொடும, அந்த ரிசப்ஷன் பொண்ணு பேர முழுசா, இனிஷியலோட, கத்தி கூப்புடுது. டோக்கன் நம்பர்னு ஒண்ணு எதுக்கு குடுத்தீங்க பின்ன? அவரு அப்பவே எழுந்து போயிடலாம்னு கெளம்புனாரு, சட்டைய புடிச்சு இழுத்து உக்கார வச்சேன்.

உள்ள போனதும் நெலம மாறிடுச்சு. டாக்டர் யூராலஜி படிச்சவரு, அம்பது வயசு இருக்கும். செவுத்துல சர்டிபிகேட்டும் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் பதிவு நம்பரும் மாட்டி வச்சிருக்காரு, லாட்ஜ் அனுபவத்துக்கு அப்புறம் நான் மொதல்ல அததான் பாத்தேன். மொத விசிட் பீஸ் 600. நாப்பது நிமிஷம் பேசுனாரு, அதுல மொத பத்து நிமிஷம் நாங்க வந்த விஷயத்த தொடவே இல்ல. எத்தன மணிக்கு தூங்குவீங்க, ராத்திரி எத்தன தடவ யூரின் போக எழுந்திருக்கீங்க, நடந்தா மூச்சு வாங்குதா, அப்பாவுக்கு இன்னா நோய் இருந்துச்சு, ஒரு நாளைக்கு எத்தன சிகரெட். அப்புறம், காப்பி குடிச்சீங்களான்னு கேக்கற அதே கொரல்ல, "காலைல எழுந்திருக்கறப்ப வெறப்பு இருக்கா?"ன்னாரு.

அவரு என்ன பாத்தாரு. நான் காலண்டர பாத்தேன்.

"முன்ன இருந்துச்சு சார். ஒரு வருஷமா இல்ல."

"திடீர்னு நின்னுச்சா, கொஞ்சம் கொஞ்சமாவா?"

"கொஞ்சம் கொஞ்சமா."

அந்த ரெண்டு கேள்விலயே பாதி தெரிஞ்சிடுமாம். காலைல நல்லா இருந்து, ராத்திரி மட்டும் வரலன்னா பெரும்பாலும் மனசு சம்பந்தப்பட்டது, பயம், டென்ஷன், சண்ட. ரெண்டு நேரமும் மெல்ல மெல்ல கொறஞ்சா ரத்தக் கொழா, நரம்பு பக்கம் பாக்கணும். பேப்பர எடுத்து ரெண்டு கொழா வரைஞ்சாரு. அந்த எடத்துக்கு போற ரத்தக் கொழா ஒண்ணுல இருந்து ரெண்டு மில்லிமீட்டர்தான் அகலம், இதயத்துக்கு போறது மூணு நாலு மில்லிமீட்டர். கொழுப்பு படிஞ்சா, சுகர்னால உள் செவுரு கெட்டுப் போனா, சின்னதுதான் மொதல்ல காட்டி குடுக்கும், நெஞ்சு வலி வர்றதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடிகூட இது வந்துரும்னாரு. எங்க வீட்டுக்காரரு அதுவரைக்கும் தரையதான் பாத்துகினு இருந்தாரு, அப்ப நிமிந்தாரு.

"கார்பரேட்டர் ஜெட்டு மாதிரி சார். பெட்ரோல் ட்யூபுல ஓட்டம் நல்லா இருக்கும், ஜெட்டு ஓட்ட சின்னது, தூசி வந்தா மொதல்ல அதுதான் அடைக்கும். வண்டி மிஸ்ஸிங் அடிக்கும்."

டாக்டர் சிரிச்சுட்டாரு. "இத நான் எடுத்துக்கறேன், எல்லாருக்கும் சொல்றேன்"னாரு. ஒம்போது மாசமா யாரு மூஞ்சியும் பாத்து பேசாத மனுஷன் அதுக்கப்புறம் கேள்வி மேல கேள்வியா கேட்டாரு.

பரிசோதனை பண்ணாரு, நான் வெளிய இருந்தேன். முன்தோல்ல வெடிப்பும் அரிப்பும் இருந்துச்சாம், மருந்து கடைல கேட்டு எதோ ஆயின்மென்ட் போட்டுகினு இருந்திருக்காரு, எனக்கு தெரியவே தெரியாது. டாக்டர் அத பாத்ததுமே "மொதல்ல சுகர் பாருங்க"ன்னுட்டாராம். பிரஷரும் 150க்கு 94 இருந்துச்சு. சுகர், மூணு மாச சுகர் (மூணு மாச சராசரிய காட்டற HbA1c டெஸ்ட்), கொழுப்பு, கிட்னி, ஈசிஜி, ட்ரெட்மில், அப்புறம் காலைல பத்து மணிக்குள்ள குடுக்கணும்னு ஹார்மோன் டெஸ்ட் (அது காலைலதான் ஒடம்புல ஜாஸ்தியா இருக்குமாம்). லேப் எங்க வேணா போங்கன்னாரு, ஆற்காட்லயே எடுத்தோம்.

ரிசல்ட்டு வந்துச்சு. வெறும் வயித்துல 188. மூணு மாச சுகர் 9.4. ஆறரைக்கு மேல போனாலே சுகர் வியாதி. ஹார்மோன் நார்மல், ஈசிஜி, ட்ரெட்மில் நல்லபடியா இருந்துச்சு, சாமி காப்பாத்துச்சு.

இதுதான் என்னால இன்னும் ஜீரணிக்க முடியல. மனுஷன் ஒடம்புல சுகர் ஏறி உக்காந்துகினு, கட்டில்ல இருந்து கைய ஆட்டி ஆட்டி கூப்டிருக்கு. கண்ணு மங்கல, காலு மரத்து போகல, வேற எந்த எடத்துலயும் சொல்லல, இங்கதான் சொல்லிச்சு. அந்த எடத்த பத்தி பேசறது அசிங்கம்னு நாங்க ரெண்டு பேரும் வாய மூடிகினோம், லாட்ஜ்ல உக்காந்தவன் அந்த அசிங்கத்த வச்சு 18,000 சம்பாரிச்சான். சுகர் இருக்கற ஆம்பளைங்கள்ல சுமார் பாதிப் பேருக்கு இந்த பிரச்சன இருக்கும், வாயத் தொறந்து சொல்றவங்க கொஞ்சம்தான்னு டாக்டர் சொன்னாரு.

பவுடர பத்தி சொன்னதும் டாக்டர் மூஞ்சி மாறிடுச்சு. மூஞ்சி செவந்துச்சா, மூக்கடைச்சுதா, தலவலியான்னு அவரே வரிசையா கேட்டாரு. லேப்ல பாக்காம உறுதியா சொல்ல முடியாது, ஆனா இந்த மாதிரி பேரில்லாத பவுடர்ல சில்டெனாஃபில்னு வெறப்புக்கு குடுக்கற இங்கிலீஷ் மாத்திரைய அரைச்சு கலக்கறது நெறைய எடத்துல புடிபட்டிருக்குன்னாரு. அதுவும் எவ்ளோ போட்டிருக்கானோ கணக்கே கெடையாது. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடில வைக்கற நைட்ரேட் மாத்திர இருக்கு இல்ல, அத போடறவங்க இத சாப்ட்டா பிரஷர் அதல பாதாளத்துக்கு போயி உயிருக்கே ஆபத்து. எங்க மாமனாரு அந்த மாத்திர போட்டவரு. அவரு ஒடம்பு வாகு இவருக்கும் இருந்து, லாட்ஜ் பவுடரோட அதையும் முழுங்கியிருந்தா... அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே இல்ல.

சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திர, தெனம் நாப்பது நிமிஷம் நட, சிகரெட்ட விடு, இதுதான் மெயின் வைத்தியம். இதயம் நல்லா இருக்குன்னு பாத்த பின்னாடிதான் அதே சில்டெனாஃபில சீட்டுல எழுதி, அளவோட, எப்படி சாப்டணும்னு சொல்லி குடுத்தாரு. ஒரு மணி நேரம் முன்னாடி. போட்டதும் தானா எதுவும் நடக்காது, ஆசையும் தொடுதலும் வேணும். நாலு மணி நேரத்துக்கு மேல அடங்கலன்னா நேரா ஆஸ்பத்திரிக்கு வரணும். எண்ணெய், கொழுப்பு ஜாஸ்தியா சாப்ட்டு போட்டா மாத்திர மெதுவாதான் வேல செய்யும். "அப்ப பிரியாணி?"ன்னாரு இவரு. ஆற்காட்டுக்காரர் வேற இன்னா கேப்பாரு. "ஒண்ணு பிரியாணி, இல்ல மாத்திர, ரெண்டும் ஒரே ராத்திரில வேணாம்"னாரு டாக்டர். இந்த மாத்திர மொதல்ல நெஞ்சு வலிக்குன்னு ஆராய்ச்சி பண்ணதாம், அதுக்கு சரிப்படல, இதுக்கு சரிப்பட்டு 1998ல அமெரிக்காவுல விற்பனைக்கு வந்துச்சாம்.

என் பங்குக்கு வரேன், ஏன்னா இந்த எடத்த பத்தி நான் நல்லதா சொல்ல பாதி காரணம் அங்க இருக்கற டாக்டரம்மா. ஊரு பூரா ஆம்பளைங்களுக்கு ஆயிரம் போர்டு, பொம்பளைக்கு வலிக்குதுன்னு ஒரு போர்டு பாத்திருக்கீங்களா? நான் முன்னாடி ஒரு எடத்துல காட்டுனப்போ "இந்த வயசுல இதெல்லாம் அப்படித்தான்மா, சகிச்சுக்கோங்க"ன்னு சொல்லி கால்சியம் மாத்திர எழுதி அனுப்புனாங்க. இங்க அந்த அம்மா கதவ சாத்திட்டு, திரைய இழுத்துட்டு, "எந்த எடத்துல வலிக்குது, உள்ளயா, வாசல்லயா, ஆரம்பத்துலயா, அப்புறமா?"ன்னு கேட்டாங்க. 46 வயசு வரைக்கும் என்ன யாரும் இத கேட்டதில்ல, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. அசிங்கமா இருந்துச்சு அழறதுக்கு, ஆனா அழுதுட்டேன்.

பீரியட்ஸ் நிக்கப் போற நேரம், ஈஸ்ட்ரோஜன்னு பொம்பளைங்க ஹார்மோன் கொறையுது, அதனால உள் தோலு மெலிஞ்சு காஞ்சு போவுது. நம்ம நாட்டுல சராசரியா 46, 47லயே நிக்க ஆரம்பிச்சிடும்னாங்க. கூடவே பூஞ்ச தொத்தும் இருந்துச்சு. அவருக்கு சுகர்னால அந்த எடத்துல பூஞ்ச புடிச்சு, ரெண்டு பேருக்குள்ளயும் மாறி மாறி போயிகினு இருந்திருக்கலாம்னு ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வைத்தியம். எனக்கு உள்ள தடவற கொஞ்சூண்டு ஈஸ்ட்ரோஜன் க்ரீம், அப்புறம் தண்ணில செஞ்ச ஜெல்.

நான் தேங்கா எண்ணெய்தான் மேடம் யூஸ் பண்றேன்னு சொன்னேன். காண்டம் போடறீங்களான்னாங்க. ஆமா, பொண்ணு பொறந்ததுல இருந்து அதுதான். தலைல கைய வச்சுகினாங்க. எண்ணெ பட்டா அந்த ரப்பரு பலம் போயி கிழிஞ்சிடுமாம், தேங்கா எண்ணெயோ வேசலினோ எதுவா இருந்தாலும். ரெண்டு வாட்டி கிழிஞ்சு ராத்திரியெல்லாம் பயந்து உக்காந்திருக்கேன், கம்பெனி மால் சரியில்லன்னு திட்டியிருக்கேன். பதினேழு வருஷத்துக்கு அப்புறம் இப்பதான் தெரியுது காரணம் எங்க அடுப்பாங்கரைல இருந்திருக்குன்னு. இன்னொண்ணும் சொன்னாங்க, பீரியட்ஸ் தள்ளிப் போவுதேன்னு இனிமே தங்காதுன்னு நெனச்சிடாதீங்க, முழுசா நிக்கற வரைக்கும் தங்கும்.

கர்ப்பப்பை வாய் புத்துநோய் டெஸ்டும் அன்னிக்கே எடுத்துட்டாங்க, அஞ்சு நிமிஷம் ஆகல. 30 வயசு தாண்டுன பொம்பளைங்களுக்கு இது அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் இலவசமா பாக்கறாங்க, காசு குடுத்துதான் பாக்கணும்னு இல்ல.

கவுன்சிலர் செவ்வா, வெள்ளி மட்டும் வர்றாங்க, ரெண்டு பேருக்கும் சேத்து 800 ரூபா. அங்க குடுத்த மொத வீட்டுப் பாடம் இன்னா தெரியுமா? ரெண்டு வாரம் சேரவே கூடாது. ராத்திரி பதினஞ்சு, இருவது நிமிஷம் பக்கத்துல உக்காந்து கைய புடிச்சிக்கணும், முதுகு தேச்சு விடணும், பேசணும், அதுக்கு மேல போகக்கூடாது. வெளிய வந்து இவரு சொல்றாரு, "வேணாம்னு சொல்றதுக்கு எண்ணூறு ரூபாயாமே?" ஆனா அதுல ஒரு சூட்சமம் இருக்கு, பரீட்சை இல்லன்னு தெரிஞ்சா பரீட்சை பயம் போயிடுது. மூணாவது நாளே அவரு வெளக்கெண்ணெய் எடுத்துகினு வந்து என் காலு பித்த வெடிப்புக்கு தேச்சு விட்டாரு. ஷூ கம்பெனில பத்து மணி நேரம் நிக்கற காலு அது, கல்யாணம் ஆன புதுசுல கூட அவரு தொட்டதில்ல. அன்னிக்குதான் ஜெராக்ஸ் பொண்ணு கதைய சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாரு, அப்புறம் சிரிப்பு நின்னுபோயி ரொம்ப நேரம் கம்னு இருந்தாரு.

கொறைய சொல்லிடறேன். பேரு கத்தி கூப்டறது, எதிரெதிர் பெஞ்சு, இது ரெண்டும் ஏற்கனவே சொன்னேன். வாசல்ல வண்டி நிறுத்த எடம் இல்ல. கீழ இருக்கற மருந்து கடைல சீட்டுல இல்லாத 1,150 ரூபா சத்து பவுடர் ஒண்ண பைல சேத்து போட பாத்தாங்க, நான் ஸ்டோர்ஸ் பாக்கறவ, பில்லுக்கும் சரக்குக்கும் டேலி ஆகலன்னா விடுவேனா, எடுத்து வெளிய வச்சேன். டாக்டர்கிட்ட சொன்னேன், பேசறேன்னாரு, அடுத்த தடவ அந்த பேச்சே இல்ல. டெஸ்டு எல்லாம் சேத்து மொத்தமா ஆறாயிரம் கிட்ட ஆச்சு, எல்லாராலயும் முடியாது. முடியாதவங்க அடுக்கம்பாறை கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு போலாம், சுகர்ல இருந்து எல்லாம் பாப்பாங்க. எச்.ஐ.வி. பயம் இருந்தா அரசாங்க ஆஸ்பத்திரில நம்பிக்கை மையம்னு இருக்கு, இலவசம், ரகசியமா வச்சிக்குவாங்க, 1097னு போன் பண்ணியும் கேக்கலாம்.

எச்.ஐ.வி.ன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 1986ல மெட்ராஸ்ல டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் எடுத்த ரத்த சாம்பிள நம்ம வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி லேப்புக்கு கொண்டு வந்துதான் டெஸ்ட் பண்ணாங்க, இந்தியாவுல அந்த கிருமி இருக்குன்னு மொத மொதல்ல தெரிஞ்சது அப்பதான். அப்படிப்பட்ட ஊரு. வைத்தியத்துக்குன்னு பெங்கால்ல இருந்து ரெண்டு நாள் ரயில்ல வந்து எறங்கறாங்க, காந்தி ரோட்ல வங்காள எழுத்துல போர்டு. பக்கத்துல ஆற்காட்ல இருக்கற எங்க வீட்டுக்காரரு அத்தனையும் தாண்டி போயி லாட்ஜ் ரூம் கதவ தட்டியிருக்காரு. வெக்கம் எவ்ளோ தூரம் நடக்க வைக்குது பாருங்க.

மூணு மாசம் கழிச்சு போனோம், மூணு மாச சுகர் 7.2. பிரஷர் எறங்கியிருக்கு. சிகரெட் எட்டுல இருந்து ரெண்டு, டாக்டர்கிட்ட சைபர்னு சொன்னாரு, நான் காட்டிக் குடுத்துட்டேன். சாயங்காலம் பாலாத்து பாலம் வரைக்கும் ரெண்டு பேரும் நடக்கறோம். முழுசா சரியாயிடுச்சான்னா இல்ல, சில நாள் நல்லா இருக்கும், சில நாள் மாத்திர போட்டும் ஒண்ணியும் இருக்காது, அப்ப திரும்பி படுத்துகினு மூஞ்ச தொங்க போடறது மட்டும் இல்ல இப்ப. கடைல வேல செய்யற பையன சும்மா சும்மா கத்தறது நின்னுடுச்சுன்னு அந்த பையனே எங்கிட்ட சொன்னான். எனக்கு வலி முக்கால்வாசி கொறஞ்சிடுச்சு, ராத்திரி தூக்கம் வருது, காலைல தலபாரம் இல்ல. இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம்னு முன்ன யாராச்சும் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்.

டாக்டருக்கு அஞ்சு, டாக்டரம்மாவுக்கு அஞ்சு, ரிசப்ஷனுக்கு ஒண்ணு, கீழ மருந்து கடைக்கு ஒண்ணும் கெடையாது, மொத்தமா நாலு ஸ்டார் போடறேன். சனிக்கெழம மட்டும் போகாதீங்க, செவ்வாக்கெழம காலைல போனா கூட்டம் கம்மி, கவுன்சிலரையும் அன்னிக்கே பாத்துடலாம். பழைய ரிப்போர்ட், இப்ப சாப்டற மாத்திர அட்ட எல்லாத்தையும் பைல போட்டுகினு போங்க, அது கேப்பாங்க.

அந்த பாய இந்த வருஷம் நான் எடுத்துகினேன். மாடிலதான் கெடக்குது, சித்திரைல கூழ் வத்தல் போட்டு காய வச்சேன், கறை போகல, இனிமே அதுல யாரும் படுக்க முடியாது.